கால்நடைத் தீவனத்தில் அஃப்லாடாக்சின்

அஃப்லாடாக்சின் என்பது முக்கியமாக ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிடிகஸ் என்னும் இரண்டு பூஞ்சைகள் சுரக்கும் நச்சுப்பொருள்களுக்கான பொதுப்பெயர். நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை ஆகியவற்றிலும் அவற்றை ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கிலும் இது அதிகம் காணப்படும். மணமோ சுவையோ இல்லை. பூசணத்தைத் துடைத்து எடுத்தாலும் நஞ்சு உள்ளேயே தங்கியிருக்கும்; வேகவைத்தாலும் பெரும்பகுதி அழியாது. உண்ட விலங்கின் கல்லீரலை முதலில் தாக்கி, பசுவானால் பால் வழியாக மனிதரையும் வந்தடைகிறது. கால்நடை ஊட்டவியல் ஆய்வு ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் எப்படி நுழைகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாறு குறைவு.

வான்கோழிகளின் சாவு

1960இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. தீனி எடுக்காமல் சோர்ந்து, இறக்கை தொங்கி, ஒரு வாரத்துக்குள் மடிந்தன. அறுத்துப் பார்த்தால் கல்லீரலில் இரத்தக்கசிவும் திசுச் சிதைவும் இருந்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் தெரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டார்கள். வாத்துக் குஞ்சுகளும் பண்ணைகளில் வளர்த்த காட்டுக்கோழிகளும் அதேபோல் சாகத் தொடங்கியதும், தொற்றுநோய் என்ற எண்ணம் விலகி, தீனித் தொட்டியின் பக்கம் பார்வை திரும்பியது. பாதிக்கப்பட்ட பண்ணைகளுக்குப் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கு.

1961இல் அந்தப் பிண்ணாக்கிலிருந்து ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வந்தது. புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்வதை பி என்றும் பச்சையாக ஒளிர்வதை ஜி என்றும் பிரித்தார்கள். பி1, பி2, ஜி1, ஜி2 என்ற வகைப்பாடு இன்றும் அப்படியே நிற்கிறது. நான்கிலும் கொடியது பி1. அதன் மூலக்கூறு அமைப்பை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து வேதியியலாளர்கள் 1963இல் வெளியிட்டனர். அதற்குள்ளாகவே அந்தப் பிண்ணாக்கைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வருவதை இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். அமெரிக்காவில் பொரிப்பகங்களில் வளர்த்த டிரவுட் மீன்களின் கல்லீரலில் கட்டிகள் பெருகியதற்கும், அவற்றின் தீவனத்தில் கலந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இதே நஞ்சு இருந்ததே காரணம் என்று பிறகு புரிந்தது.

1963இல் வெளியான மற்றொரு ஆய்வுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆல்கிராஃப்ட், கார்னகன் என்னும் இரு ஆய்வாளர்கள் நஞ்சு கலந்த பிண்ணாக்கைத் தின்ற பசுக்களின் பாலை எடுத்து வாத்துக் குஞ்சுகளிடம் சோதித்தார்கள். குஞ்சுகளின் கல்லீரலில் அதே புண்கள். பசு நலமாகத்தான் நின்றது. பால் நலமாக இல்லை. பசுவின் கல்லீரல் பி1ஐ வேறு வடிவமாக மாற்றி மடிக்கு அனுப்புகிறது என்பதும், அந்த வடிவம் எம்1 என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயின. அதுவரை கால்நடை மருத்துவர்களின் கவலையாக இருந்த ஒன்று அன்று தாய்மார்களின் கவலையாகவும் மாறியது.

உடலுக்குள் நடப்பது

குடலில் உறிஞ்சப்பட்ட பி1, கல்லீரல் நொதிகளால் எபாக்சைடு என்னும் வினைத்துடிப்பு மிக்க பொருளாக மாறுகிறது. அது மரபணுவின் குவானின் கூறோடு பிணைந்துகொள்கிறது. புற்றுநோய்க்கான வித்து அங்கே விழுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இயற்கையில் கிடைக்கும் அஃப்லாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈரல் அழற்சி பி வைரஸும் உடலில் இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு கூடும்.

எல்லா விலங்குக்கும் இந்த நஞ்சு ஒரே மாதிரி இல்லை. வாத்துக் குஞ்சும் வான்கோழிக் குஞ்சும் மிக எளிதில் மடியும். கறிக்கோழிக் குஞ்சு, பன்றி, கன்று அடுத்து வரும். வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும். செம்மறி இன்னும் அதிகம் தாங்கும். பண்ணையாளருக்குப் பெரிய இழப்பு பெரும்பாலும் சாவினால் வருவதில்லை. குறைந்த அளவு நஞ்சு நாள்தோறும் உள்ளே போகும்போது எடை ஏறாது, முட்டை குறையும், நோய் எதிர்ப்பு ஆற்றல் தளரும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முறையாகப் போட்ட கொட்டகையிலும் கோழி விழும். பழி தடுப்பூசிமேல் போகும். தீவனத்தைச் சோதித்துப் பார்க்கும்வரை உண்மைக் காரணம் வெளியே வராது.

மனிதர்கள் நேரடியாக மாண்ட நிகழ்வுகளும் உண்டு. 1974இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில், அறுவடை நேரத்தில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட பழங்குடி மக்களில் 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தனர். வீட்டு நாய்களும் அதே சோளத்தைத் தின்று அதே நோயில் இறந்தன. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதை ஆராய்ந்து அடுத்த ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டது. 2004இல் கென்யாவில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்ததும் வீட்டில் சேமித்த மக்காச்சோளத்தால்தான்.

பால் கணக்கு

பசு உண்ணும் பி1இல் சராசரியாக 1 முதல் 3 விழுக்காடு எம்1 ஆகப் பாலில் இறங்குகிறது. நிறையக் கறக்கும் மாடுகளில் இது 6 விழுக்காட்டை எட்டலாம். தீவனம் தின்ற ஒரு நாளுக்குள் பாலில் தென்படும். தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் மறையத் தொடங்கும். பாலைக் காய்ச்சினாலும் பாஸ்டராக்கம் செய்தாலும் போகாது. தயிராக்கினாலும் பாலாடைக்கட்டியாக்கினாலும் உடன் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு 5 கிலோ அடர்தீவனம் தின்கிறது; அதில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1 இருக்கிறது. உள்ளே போவது 100 மைக்ரோகிராம். அதில் 2 விழுக்காடு பாலில் வந்தால் 2 மைக்ரோகிராம், அதாவது லிட்டருக்கு 0.2. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாலுக்கான உச்சவரம்பு 0.5, பன்னாட்டு உணவுத்தர நெறியான கோடெக்ஸும் அதையே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 0.05. ஆக ஒரே பசுவின் ஒரே பால் இங்கே பாதுகாப்பானது, அங்கே சட்டவிரோதமானது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஏறிய கடலைப் பிண்ணாக்கை நாளுக்கு 2 கிலோ மட்டும் வைத்தாலும் பால் 0.8ஐத் தொடும், எங்கேயும் தேறாது.

இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டுக்குப் பின்னால் இருப்பது அறிவியல் மட்டுமல்ல. ஐரோப்பியர் மரபணுவைத் தாக்கும் நஞ்சுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, எட்டக்கூடிய மிகக் குறைந்த அளவே வரம்பு என்று வாதிட்டார்கள். 1974இலேயே தீவனத்தில் பி1க்கு வரம்பு வைத்தவர்கள் அவர்கள். இன்று அங்கே கறவை மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கு வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். அமெரிக்காவில் கறவை மாட்டுக்கு 20. கொழுக்கவைக்கும் இறைச்சி மாட்டுக்கு 300 வரை உண்டு. விலங்கின் வயது, அது தரும் பொருள் ஆகியவற்றைப் பொறுத்து வரம்பை ஏற்றி இறக்குவது அமெரிக்க வழி.

கடுமைக்கு ஒரு விலை உண்டு. ஐரோப்பாவின் உணவு வரம்புகளைப் பற்றி உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2001இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள்: ஆப்பிரிக்க நாடுகள் ஏற்றுமதியில் ஆண்டுக்கு 67 கோடி டாலர் இழக்கும், காப்பாற்றப்படும் உயிர்கள் 100 கோடிப் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4. இந்தக் கணக்கு இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஏற்றுமதிக்குத் தேறாத கடலையும் சோளமும் அந்த நாடுகளின் ஏழைகளுடைய தட்டிலும் அவர்களுடைய மாட்டுத் தொட்டியிலும் முடிகின்றன என்பது அந்த எண்களில் வராத துயரம்.

வரம்பு எப்படி வளைகிறது என்பதற்கு 2013 ஒரு சாட்சி. முந்தைய ஆண்டின் வறட்சியில் பால்கன் நாடுகளின் மக்காச்சோளத்தில் பூஞ்சை ஏறியிருந்தது. செர்பியச் சோளம் ஜெர்மனியின் ஆயிரக்கணக்கான பண்ணைகளுக்குத் தீவனமாகப் போய்ச் சேர்ந்த செய்தி அங்கே பெரும் கலக்கம் உண்டாக்கியது. செர்பியாவிலேயே பால் ஐரோப்பிய வரம்பான 0.05ஐத் தாண்டியது. அந்நாட்டு அரசு வரம்பை 0.5 ஆக உயர்த்தியது. பால் மாறவில்லை, அதை அளக்கும் கோடு மாறியது. வறட்சியும் வெப்பமும் கூடும் காலத்தில் இந்த இக்கட்டு மற்ற அரசுகளுக்கும் வரும்.

ஒரு மூட்டையில் ஒரு பருப்பு

வரம்பு எவ்வளவு என்பதைவிடக் கடினமான கேள்வி, அதை எப்படிச் சோதிப்பது என்பது. அஃப்லாடாக்சின் பாலில் சர்க்கரைபோல் பரவி நிற்பதில்லை. பல்லாயிரம் கடலைப்பருப்பில் சிலவற்றில் மட்டும் இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட ஒரே பருப்பில் கிலோவுக்கு 10,00,000 மைக்ரோகிராமுக்கு மேல்கூட அளந்திருக்கிறார்கள். மூட்டையின் இந்த மூலையில் ஒரு பிடி எடுத்தால் சுத்தம். அந்த மூலையில் எடுத்தால் விஷம். ஆய்வகக் கருவி துல்லியமாக இருக்கலாம், ஆனால் பிழையின் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வெளியே, மாதிரி எடுக்கும் கையில்தான் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் தாமஸ் விட்டேக்கர் பல பத்தாண்டுகளாக இந்தப் பிழையை அளந்து மாதிரி எடுக்கும் திட்டங்களை வகுத்தார். பல இடங்களில் குத்தி, நிறைய எடுத்து, அரைத்துக் கலந்து, அதிலிருந்து பகுத்துச் சோதிக்க வேண்டும். சோதனைச் சான்றிதழைப் பார்ப்பவர், எத்தனை கிலோ மாதிரி எடுத்தார்கள், எத்தனை மூட்டையிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்காவிட்டால் அந்தக் காகிதத்தால் பயனில்லை.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியத் தரநிர்ணய அமைவனம் மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என வரம்பு வகுத்திருக்கிறது. நெடுங்காலம் இது விருப்பத் தரமாகவே இருந்தது. முத்திரை வாங்குபவர் வாங்கலாம். பாலுக்கோ சட்டப்படியான வரம்பு உண்டு. தொட்டியில் கட்டாயம் இல்லை, குவளையில் கட்டாயம் உண்டு என்ற இந்த முரண்தான் நம் ஒழுங்குமுறையின் ஆழமான குறையாக இருந்தது.

அது 2018இல் வெளிப்பட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் நாடு முழுவதும் 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. மக்கள் அஞ்சும் கலப்படத்தால் பாதுகாப்பற்றவையாகிப் போனவை 12 மாதிரிகள்தான். எம்1 வரம்பைத் தாண்டியவை 368, அதாவது 5.7 விழுக்காடு. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. அடுத்து டெல்லி, 262இல் 38. கேரளம், 187இல் 37. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில் இது அதிகம் இருந்தது. தீவனமே காரணம் என்றும் தீவனத்தை நாட்டில் யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை என்றும் ஆணையமே சொன்னது. பின்னர், வணிகக் கால்நடைத் தீவனம் தரநிர்ணய அமைவனத்தின் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என ஆணையிட்டது. நடைமுறைக்கு வரும் தேதி ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போனது.

முதலிடம் தமிழ்நாட்டுக்கு வந்ததை மாடு வளர்ப்பவரின் குற்றமாக்குவது அநியாயம். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கழுநீரில் கலந்து காட்டுவது இங்கே தலைமுறை வழக்கம். சத்துக்கு அதைவிட நல்லது அவர் கைக்கு எளிதில் கிடைப்பதில்லை. கடைசி மாதத்தில் மழை பொய்த்து மண் சூடேறிய மானாவாரிக் கடலையில், காய் மண்ணுக்குள் இருக்கும்போதே பூஞ்சை ஏறிவிடுகிறது. சொத்தையும் சுருங்கலுமாக விலை போகாத பருப்பு செக்குக்குப் போகிறது. எண்ணெய் பிழிந்தபின் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அந்தக் கட்டியைப் புரட்டிப் பார்த்து யாரால் கண்டுபிடிக்க முடியும்?

கோழிப் பண்ணையாளர்கள் இதில் ஒரு படி முன்னே இருக்கிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இயங்குகிறது. வரும் சோளத்தையும் பிண்ணாக்கையும் அங்கே சோதித்துப் பார்த்தே கலவை போடும் பழக்கம் பெரிய பண்ணைகளில் ஊன்றியிருக்கிறது. நூறு மாடு, ஐம்பதாயிரம் கோழி உள்ளவருக்கு அந்தச் செலவு தாங்கும். இரண்டு மாட்டுக்காரருக்குத் தாங்காது. அவருக்காகச் சோதிக்க வேண்டிய இடம் பால் கூட்டுறவுச் சங்கமும் தீவன ஆலையும்தான்.

தடுக்கும் வழிகள்

நஞ்சு ஏறிய தீவனத்தை மீட்க அம்மோனியா ஏற்றுதல் உள்ளிட்ட முறைகள் உண்டு. பண்ணைகளில் பரவலாக இருப்பது நச்சுப் பிணைப்பிகள். களிமண் வகையான பென்டோனைட், தீவனத்தில் சிறிதளவு கலந்தால், குடலிலேயே நஞ்சைப் பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேறும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் திமோதி பிலிப்ஸ் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் இத்தகைய களிமண்ணைக் கோழிகளில் நிறுவிக்காட்டினர். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் பென்டோனைட்டுக்கு அஃப்லாடாக்சின் பிணைப்பியாக அனுமதி தந்தது. வரம்பைத் தாண்டிய தீவனத்தைக் களிமண் கலந்து விற்கலாம் என்பது அதன் பொருள் அல்ல. இந்த வேறுபாட்டை விற்பனைத் துண்டறிக்கைகள் சொல்வதில்லை.

வயலிலேயே தடுப்பது மேல். நஞ்சு சுரக்காத ஆஸ்பெர்ஜில்லஸ் வகையை வயலில் தூவி, சுரக்கும் வகைக்கு இடம் இல்லாமல் செய்யும் முறையை அமெரிக்காவில் பீட்டர் காட்டி வளர்த்தெடுத்தார். ஆப்பிரிக்க நாடுகளில் அது ‘அஃப்லாசேஃப்’ என்ற பெயரில் உழவர்களிடம் இருக்கிறது. அறுவடைக்குப் பின் செய்ய வேண்டியது நம் பாட்டிமார் செய்ததுதான்: காயை வெயிலில் உலர்த்தி, கையில் குலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை காயவைப்பது. ஈரம் கடலைக்காயில் 8 விழுக்காட்டுக்கும் மக்காச்சோளத்தில் 14 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால் பூஞ்சை வளர முடியாது. சாக்கைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். கட்டியாகிப்போன, நிறம் மாறிய பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். கறவை மாட்டுக்கு ஆகாததைக் கிடேரிக்கும் காளைக்கும் போடுவது வழக்கம்தான் என்றாலும், கன்றுக்கும் கோழிக்குஞ்சுக்கும் ஒருபோதும் போடக்கூடாது.