அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சங்கம்

ஒரு வெறும் அட்டைப்பெட்டி. அதன்மேல் ‘மேசை லேசர் பிரிண்டர்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒன்றும் கிடையாது. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில், செய்தித்தாளுக்குப் பக்கம் அமைக்கும் தொழிலாளர்கள் சிலர் அந்தப் பெட்டியிலிருந்து அச்சுப்படி வருவதாகப் பாவித்து வேலை பார்த்தார்கள். பக்கத்திலேயே ஒட்டுப்பலகையில் செய்த ஒரு ‘கணினி’. பார்க்கிறவர்களுக்குச் சொப்பு விளையாட்டு மாதிரிதான் இருந்திருக்கும். மேசை லேசர் பிரிண்டர் என்பது அன்று சாதாரண அலுவலகத்துக்கு எட்டாத பொருள். எச்.பி.யின் லேசர்ஜெட் சந்தைக்கு வந்ததே 1984இல்தான்.

இன்று கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டி நடத்தப்படும் ‘கூட்டு வடிவமைப்புப் பட்டறை’களுக்கெல்லாம் இந்தப் பெட்டி ஒருவகையில் தாத்தா. ஆனால் பேரன் தாத்தாவின் மூக்கை மட்டும் வாங்கிக்கொண்டு குணத்தை விட்டுவிட்டான் என்பது என் கட்சி.

கதை நார்வேயில் தொடங்குகிறது. கிறிஸ்டன் நிகார்ட் என்பவர் 1960களில் ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கினார். இன்று ஜாவாவிலோ பைத்தானிலோ ‘கிளாஸ்’, ‘ஆப்ஜெக்ட்’ என்று எழுதுகிற எல்லோரும் இவர்கள் வீட்டுச் சொத்தைத்தான் புழங்குகிறோம். 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. ஆனால் நிகார்டை அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு விஷயம் உறுத்தியது. சிமுலா என்பது தொழிற்சாலை ஓட்டத்தைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்க உதவும் மொழி. அதை வாங்கிப் பயன்படுத்தியது நிர்வாகங்கள். விளைவு? வேலை துண்டுதுண்டாகும், திறமைக்கு மதிப்புக் குறையும், மேலே இருப்பவருக்குப் பிடி இறுகும். தான் செய்த கருவி யார் கையில் போய்ச் சேருகிறது என்று அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, தொழிற்சங்கத்தின் கதவைத் தட்டினார்.

1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் அவர் நடத்திய திட்டம் முதலில் வழக்கமான ஆய்வாகத்தான் திட்டமிடப்பட்டது. நிபுணர் ஆராய்வார், அறிக்கை எழுதுவார், சங்கம் அலமாரியில் வைக்கும். இது வேலைக்கு ஆகாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. உடனே ‘முடிவு’ என்ற சொல்லுக்கே பொருளை மாற்றினார்கள். இந்தத் திட்டத்தால் சங்கம் எந்த நடவடிக்கையில் இறங்குகிறதோ அதுதான் திட்டத்தின் முடிவு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடம் இது. தொழிலாளர்கள் பட்டறையின் ‘பங்கேற்பாளர்கள்’ அல்ல. பட்டறை அவர்களுடையது, நிபுணர்தான் விருந்தாளி.

இதன் தொடர்ச்சியாக 1975இல் நார்வேயின் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் நாடு தழுவிய ‘தரவு ஒப்பந்தம்’ ஒன்றைச் செய்துகொண்டன. கணினி முறை எதுவும் கொண்டுவருவதற்கு முன்னால் தொழிலாளர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதுவும் எப்படி? துறை அறிவு இல்லாதவருக்கும் எளிதில் புரிகிற மொழியில். கணினி விவகாரத்துக்கென்றே ஒரு தொழிலாளர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். ‘எல்லாம் டெக்னிக்கல், உங்களுக்குப் புரியாது’ என்று வாயடைக்கும் வழக்கத்துக்கு 1975லேயே எழுத்தில் தடை போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

ஆனாலும் ஓர் இடத்தில் முட்டியது. பேச்சுவார்த்தையில் எவ்வளவு ஜெயித்தாலும் கடையில் இருக்கும் இயந்திரத்தைத்தானே வாங்க முடியும்? அந்த இயந்திரமே தொழிலாளியைக் கழற்றிவிடுவதற்கென்று செய்யப்பட்டிருந்தால்? அச்சுத்தொழிலில் இந்தப் பயம் கற்பனை அல்ல. லண்டனில் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் புதிய தொழில்நுட்பம் உள்ளிட்ட தகராறில் 1978 டிசம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு வெளிவராமலே கிடந்தது. மறுப்பதற்குப் பதிலாக நாமே வேறொரு இயந்திரத்தை வடிவமைத்தால் என்ன என்று கேட்டது நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கம். 1981இல் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்களுடன் சேர்ந்து தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் ‘யுடோபியா’. கல்வி, தொழில்நுட்பம், உற்பத்திப்பொருள் என்று போகும் ஒரு நீண்ட ஸ்வீடிஷ் பெயரின் முதலெழுத்துகள்தான். இருந்தாலும் வேண்டுமென்றே வைத்த பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதலில் சொதப்பியது. ஆய்வாளர்கள் கட்டமும் அம்புக்குறியுமாகத் தகவல் ஓட்டப் படங்கள் வரைந்து காட்டினார்கள். தொழிலாளர்களுக்கு அவை ஒன்றும் சொல்லவில்லை. இது அறியாமை அல்ல. பல வருடமாகத் தலைப்பையும் படத்தையும் பத்தியையும் பக்கத்தில் பொருத்திப் பழகிய ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் கையில் இருக்கிறது. ‘எப்படிச் செய்கிறாய்?’ என்றால் வாய் திக்கும். ‘செய்து காட்டு’ என்றால் கை தானாகப் போகும். இதை விளக்க, ஆய்வாளர்களில் ஒருவரான பெல்லே என் பின்னாளில் விட்கன்ஸ்டைனின் மொழி விளையாட்டுகள் வரை போனார். நடைமுறையில் அவர்கள் செய்தது எளிது: படத்தை மூட்டைகட்டிவிட்டு அட்டையையும் பலகையையும் எடுத்தார்கள். பெட்டி காலி என்பதால் யாருக்கும் பயமில்லை. இங்கே வை, அங்கே நகர்த்து, இது சரிப்படாது என்று தொழிலாளியே சொல்ல முடிந்தது.

பெட்டி ஜெயித்ததா? பாதிதான். இதன் வழியே உருவான பக்க அமைப்பு முறை ‘அஃப்டன்பிளாடெட்’ நாளிதழில் சோதித்துப் பார்க்கப்பட்டது. சந்தையில் நிற்கவில்லை. 1985இல் பேஜ்மேக்கர் வந்தது, மேக்கின்டாஷும் லேசர்ரைட்டரும் துணைக்கு. உலகம் முழுக்க அச்சுக்கோப்பவர்களின் தொழில் கரைந்த கதை நமக்குத் தெரியும். நம் ஊர் கம்பாசிட்டர்களிடம் எந்தப் பெட்டியையும் காட்டி யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இயந்திரம் தோற்றது, முறை மட்டும் பிழைத்துக் கடல் கடந்தது. போகிற வழியில் சங்கம் உதிர்ந்துவிட்டது. நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டி பிடித்திருந்தது. பெட்டியை ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை பிடிக்கவில்லை. ‘ஹேக்கத்தான்’ வந்தது வேறு வழியில். 1999இல் கனடாவின் கால்கரியில் ஓபன்பிஎஸ்டி நிரலாளர்கள் தங்களுக்குள் கூடி வேலைசெய்ததற்கு வைத்த பெயர் அது. அங்கே பிரச்சினையும் அவர்களுடையது, தீர்வும் அவர்களுடையது, அதில் குற்றமில்லை. சமூகப் பிரச்சினைக்கு அதே அச்சை எடுத்ததும்தான் கோணல். குப்பை பிரிப்பதற்குச் செயலி செய்யும் ஒரு வார இறுதிப் போட்டிக்கு நான் போயிருக்கிறேன். நல்ல பிள்ளைகள், ராத்திரியெல்லாம் தூங்காமல் உழைத்தார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவர்கூட அணிகளில் இல்லை. அரங்கைப் பெருக்க மட்டும் இரண்டு அக்காக்கள் வந்துபோனார்கள்.

சங்கம் இல்லாத இடத்தில் இந்த முறை பிழைக்கவே முடியாதா என்றால், ஓர் உதாரணம் என்னை யோசிக்க வைக்கிறது. 1994இல் இனவொதுக்கல் ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 14 சுகாதாரத் துறைகள் இருந்தன; நிறவாரியாகவும் பகுதிவாரியாகவும் பிரித்து வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் நிகார்டின் மரபில் வளர்ந்த ஆய்வாளர்கள் அங்கே போய், உள்ளூர் சுகாதாரச் செயற்பாட்டாளர்களுடனும் பணியாளர்களுடனும் உட்கார்ந்தார்கள். அதில் பிறந்த மென்பொருளின் வாரிசான டிஎச்ஐஎஸ்2 இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. இந்தியாவில் இந்தப் பணி முதலில் கால் ஊன்றியது, நம் எல்லையை ஒட்டிய குப்பத்தில். இவ்வளவு பரவிய பிறகு கடைசி கிராமச் செவிலியரின் குரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அந்த ஆய்வாளர்களே கேட்டுக்கொள்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அங்கே அவர்கள் தொடக்கத்தில் செய்த வேலையைக் கவனியுங்கள். எந்த எண்கள் உண்மையில் தேவை என்று பேசி, ஒரு குறைந்தபட்சப் பட்டியலுக்கு எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். மிச்சக் கட்டங்களை யாருக்காக இத்தனை நாள் நிரப்பினோம் என்ற கேள்வி அந்த மேசையில்தான் எழுந்தது.