கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பழக்கலாமா? குழந்தைகளின் உணவு ஒவ்வாமைக்கு ஒரு வரலாறு (நீண்ட இழை)

"டாக்டர், இறால் சாப்பிட்டா பையனுக்கு உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிப்பு வருது. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பழக்கிட்டா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. பழக்கலாமா?"

பழவேற்காடு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை பார்க்கிற டாக்டர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை. ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம். ஆனா அந்த மாமியார் கேட்ட அதே கேள்வியைத்தான் நோபல் பரிசு வாங்கின ஒரு விஞ்ஞானியும் கேட்டார். அந்தக் கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1901. மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டுக்கு கடல் ஆராய்ச்சின்னா உயிர். அவருடைய ஆய்வுக் கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற 2 பிரெஞ்சு விஞ்ஞானிகள் போறாங்க. கடலில் மிதக்கிற ஃபைசேலியா என்ற ஜெல்லிமீன் மாதிரியான உயிரின் விஷத்தை ஆராயச் சொன்னது இளவரசர்தான். பாரிஸ் திரும்பினதும் அது கிடைக்காததால், கடல் சாமந்தியின் விஷத்தை வைத்து நாய்களில் சோதனையைத் தொடர்ந்தாங்க.

அவங்க எதிர்பார்த்தது என்ன? முதலில் கொஞ்சமா விஷம் கொடுத்தா உடம்பு பழகிக்கும், அடுத்த தடவை தாங்கிக்கும். பாஸ்டர் தடுப்பூசிகளின் காலம் அது, அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

நெப்டியூன்னு ஒரு நாய். முதல் டோஸில் அதுக்கு ஒண்ணும் ஆகல. 22 நாள் கழிச்சு அதே சின்ன அளவை மறுபடி கொடுத்தாங்க. சில நொடிகளில் மூச்சுத் திணறல், வாந்தி. 25 நிமிடத்தில் செத்துப்போச்சு.

பழக வேண்டிய உடம்பு, பகைச்சுக்கிச்சு. பாதுகாப்புக்கு நேர் எதிரானது என்ற பொருளில் ரிஷே இதுக்கு 'அனஃபிலாக்சிஸ்'னு பேர் வச்சார். 1902 பிப்ரவரியில் அறிவித்தார், 1913-ல் நோபல். (போர்ட்டியேவுக்குப் பரிசு இல்லை. அது தனிக் கதை.)

1906-ல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் மருந்தை இரண்டாம் தடவை போடும்போது குழந்தைகளுக்கு சீக்கிரமும் கடுமையாவும் ஒவ்வாமை வர்றதைப் பார்த்துப் பார்த்து வந்த சொல் அது.

1921-ல் இன்னும் விசித்திரம். ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்த சீரத்தை கார்ல் ப்ரவுஸ்னிட்ஸ் தன் தோலிலேயே ஊசியா போட்டுக்கிட்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறைச் செலுத்தினார். தடிப்பு கிளம்பிருச்சு! ஆக, ஒவ்வாமை ரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒண்ணு. அந்த 'ஏதோ ஒண்ணு' ஐ.ஜி.ஈ என்ற எதிர்ப்பொருள்னு தெரிய 1966-67 ஆச்சு. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியா கண்டுபிடித்தாங்க.

இப்போ நம்ம ஊர் இறாலுக்கு வர்றேன்.

பெரும்பாலான புரதங்கள் கொதிக்க வச்சா உருக்குலையும். அப்புறம் ஏன் நல்லா வெந்த இறாலும் ஆக மாட்டேங்குது? இதுக்கு விடை தேடினதில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த பி.வி. சுப்பா ராவ் குழுவுக்கு பெரிய பங்கு உண்டு. அவங்க எடுத்துக்கிட்ட இனம் பீனியஸ் இண்டிகஸ். அதாவது நம்ம வெள்ளை இறால், பழவேற்காடு ஏரியில் வலை போட்டா வருமே, அதேதான். வேகவைத்தாலும் அழியாத புரதத்தை 1989-ல் பிரித்துக் காட்டினாங்க. 1993-ல் அமெரிக்க ஆய்வாளர்களோட சேர்ந்து அது ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம்னு நிரூபிச்சாங்க. இறால் ஒவ்வாமை பற்றி உலகத்தில் எங்கே பாடம் நடத்தினாலும் அந்த ஆய்வு வந்துடும். நமக்குத்தான் தெரியல.

இதிலிருந்து வீட்டுக்குப் பயன்படுற விஷயங்கள் நிறைய. வேகவைத்த தண்ணியிலும் அந்தப் புரதம் இறங்கும், அதனால் இறாலை எடுத்துட்டு குழம்பை மட்டும் ஊத்தறது பாதுகாப்பு இல்லை. ஆவி பட்டாலே சில குழந்தைகளுக்கு இழுப்பு வரும். நண்டு, சிங்கி இறாலிலும் கிட்டத்தட்ட அதே புரதம். கரப்பான் பூச்சியிலும் உண்டு, ரெண்டும் தூரத்து சொந்தம்! மீனின் ஒவ்வாமைப் புரதம் வேற, அதனால் இறால் ஆகாத குழந்தை பெரும்பாலும் மீன் சாப்பிடலாம், டாக்டரிடம் உறுதி பண்ணிக்கிட்டு, வேற சட்டியில், வேற எண்ணெயில். சென்னாக்குன்னியை மட்டும் மறந்துடாதீங்க. கருவாட்டுக் கடையில் கூறு கட்டி வச்சிருக்கிற அந்தப் பொடிசும் இறால் குடும்பம்தான்.

அடுத்து வேர்க்கடலை. இங்கேதான் மருத்துவம் தலைகீழா திரும்பின கதை இருக்கு.

2000-ல் அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு 3 வயசு வரை வேர்க்கடலை வேண்டாம்னு சொல்லிச்சு. முட்டைக்கு 2 வயசு வரை. பெற்றோர் கேட்டு நடந்தாங்க, ஒவ்வாமை குறையல. 2008-ல் அந்த அறிவுரைக்குப் போதிய ஆதாரம் இல்லைன்னு சங்கமே பின்வாங்கிச்சு.

அதே 2008-ல் லண்டன் மருத்துவர் கிடியன் லாக் குழு ஒரு ஒப்பீடு வெளியிட்டது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளில் வேர்க்கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளைவிட சுமார் 10 மடங்கு. ஒரே வம்சாவளி, பிறகு என்ன வித்தியாசம்? இஸ்ரேலில் பிள்ளைங்க பல் முளைக்கிற வயசிலேயே 'பம்பா'ன்னு வேர்க்கடலை கலந்த ஒரு நொறுக்குத்தீனியைச் சாப்பிட ஆரம்பிச்சுடுவாங்க.

சோதிச்சுப் பார்த்தாங்க. கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த, 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேர். பாதிப் பேருக்கு வேர்க்கடலை கொடுத்தாங்க (முழுப் பருப்பா இல்லை), மீதிப் பேருக்கு அறவே இல்லை. 5 வயசில் பார்த்தா, சாப்பிடாத குழுவில் 100-க்கு சுமார் 17 பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்ட குழுவில் 3 பேருக்கு. 2015-ல் வெளியானது இது.

"அப்போ மாமியார் சொன்னது சரிதானே?"ன்னு கேட்பீங்க. இங்கேதான் கவனிக்கணும். அந்த ஆய்வில் சேர்க்கும்போதே தோல் பரிசோதனை பண்ணி, ஏற்கெனவே பலமா ஒவ்வாமைக் குறி காட்டின குழந்தைகளைச் சேர்க்கல. ஒவ்வாமை வர்றதுக்கு முன்னாடி பழக்கலாம். வந்த பிறகு வீட்டில் பழக்கினா அது நெப்டியூன் கதை. வந்த பிறகும் மில்லிகிராம் கணக்கில் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு, அது ஒவ்வாமை நிபுணரின் கண்காணிப்பில் நடக்க வேண்டியது. சமையலறை அதுக்கான இடம் இல்லை.

'கரப்பான்'னு எழுதினேன் இல்லையா, அதுக்கு ஒரு கிளைக்கதை. நம்ம பாட்டிமார் கத்தரிக்காய், வேர்க்கடலை, கருவாட்டை எல்லாம் 'கரப்பான் பண்டம்'னு ஒதுக்குவாங்க. பண்டம் தின்னா தோல் கெடும்னு கணக்கு. இன்றைய ஆய்வுகள் வேற வழியைக் காட்டுது: தோல் முதலில் வறண்டு வெடிக்குது, அந்த வெடிப்பு வழியா உணவுப் புரதம் உள்ளே போய் உடம்பை எதிரியாக்குது. அதே புரதம் வாய் வழியா முதலில் போனா உடம்பு நண்பனா ஏத்துக்குது. 2003-லேயே லாக் குழு, கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவப்பட்ட குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம்னு காட்டியிருந்தது. தோலுக்கும் பண்டத்துக்கும் தொடர்பு இருக்குன்னு பாட்டி கண்டுபிடிச்சது பெரிய விஷயம், திசைதான் மாறிப்போச்சு. கரப்பான் இருக்கிற குழந்தைக்குக் கடலை மாவு, பயத்தம் மாவு தேய்க்காதீங்க. தோலை ஈரப்பதமா வச்சிருங்க.

நம்ம நாட்டில் இது எவ்வளவு பேருக்கு? பெங்களூரு, மைசூரு பக்கம் நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், பெரியவங்க 100 பேரில் 26 பேருக்கு மேல் ஏதோ ஒரு உணவுக்கு ஐ.ஜி.ஈ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். ஆனா உண்மையான ஒவ்வாமை இருக்க வாய்ப்புள்ளவங்க 1.2 பேர்தான். பள்ளிக் குழந்தைகளில் 0.14 சதவீதம். அதே ஆய்வில் ஹாங்காங் குழந்தைகளில் 1.5 சதவீதம்.

இந்த 26-க்கும் 1.2-க்கும் நடுவில் ஒரு வியாபாரம் நடக்குது. பல ஆயிரம் ரூபாய்க்கு 'அலர்ஜி பேனல்'. ரிப்போர்ட்டில் பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்புன்னு சிவப்பு எழுத்து. அதை நம்பி எல்லாத்தையும் நிறுத்தி, எடை ஏறாம வர்ற குழந்தைகளைப் பார்த்திருக்கேன். கோபம்தான் வரும். சாப்பிட்டு எதுவும் ஆகாத உணவை, பேப்பரைப் பார்த்து நிறுத்தாதீங்க.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1982-ல் எம்.ஜி.ஆர் விரிவாக்கின சத்துணவில் 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது, 2010-லிருந்து வாரம் 5 முட்டை. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். சைவக் குடும்பங்களுக்காக வந்த அந்த வாழைப்பழம்தான் முட்டை ஒவ்வாமைக் குழந்தையையும் காப்பாத்துது. சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொன்னா போதும். என்னைக் கேட்டா, முட்டை கண்ணுக்குத் தெரியும் சத்துணவைவிட, தெரியாம கலந்திருக்கும் பேக்கரி கேக்கும் பன்னும்தான் ஆபத்து. இன்னொரு நல்ல செய்தி, முட்டை, பால் ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போயிடும். இறாலும் வேர்க்கடலையும் அவ்வளவு லேசில் போகாது.

பாக்கெட் உணவில் ஒவ்வாமைப் பொருளை எழுதணும்னு நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் சொல்லுது. பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, கோதுமை எல்லாம் பட்டியலில் உண்டு. எள் இல்லை! 2016-ல் நடாஷா என்ற 15 வயசு லண்டன் பெண், மாவுக்குள் எள் கலந்திருந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்தாள். பாக்கெட்டில் எள் பற்றி எழுதல. பெற்றோர் போராடி 2021-ல் பிரிட்டனில் சட்டத்தையே மாத்தினாங்க. இட்லிப்பொடியிலும் எள்ளுருண்டையிலும் எள்ளோட வாழ்ற நம்ம பட்டியலில் அது இல்லாதது எனக்குப் புரியவே இல்லை.

மொழி இன்னொரு சிக்கல். அந்த விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தா போதும், தமிழ் கட்டாயமில்லை. பேச்சு மொழியும் லேசுப்பட்டதில்லை. 'கடலை'ன்னா வேர்க்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா? ஆரம்பாக்கம் தாண்டினா ஆந்திரா, அங்கே ஹோட்டலில் 'பல்லி சட்னி'ம்பாங்க. பயப்படாதீங்க, தெலுங்கில் பல்லின்னா வேர்க்கடலை. ஆனா வேர்க்கடலை ஆகாத பிள்ளையோட போறவங்க பயப்படணும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்த சட்னி சகஜம்.

கடைசியா மருந்து. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ரிஷே கப்பல் ஏறின அதே 1901-ல், ஜோகிச்சி தாக்கமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் அட்ரினலினைத் தூய படிகமா பிரித்ததை வெளியிட்டார். நோயும் மருந்தும் ஒரே சமயத்தில் கைக்கு வந்தாச்சு. இன்றைக்கு அது 1 மில்லி ஆம்பூல், ரொம்ப மலிவு. கொரோனா தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வச்சோமே, இந்த அனஃபிலாக்சிஸுக்காகத்தான். அங்கே அட்ரினலின் தயாரா இருந்தது.

ஆனா உணவால் அதே நிலை வந்தா, பல இடங்களில் முதலில் கை போறது அவிலுக்கும் டெக்காட்ரானுக்கும்தான். அவில் அரிப்பை அடக்கும். இறங்குற பிரஷரையும் அடைபடுற மூச்சுக்குழாயையும் அது மீட்காது. முதல் ஊசி அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லி. 10 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லி. குழந்தைகளுக்கு அதிகபட்சம் 0.3. தேவைப்பட்டா 5 நிமிடம் கழிச்சு மறுபடி. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

வெளிநாட்டில் பெற்றோரே போடும் பேனா ஊசி 1987-லிருந்து இருக்கு. நம்ம மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமா கிடைக்காது, இறக்குமதி பண்ணினா விலை எட்டாது. அதனால் நமக்கு நேரம்தான் முக்கியம். தடிப்போட சேர்ந்து மூச்சுத் திணறல், குரல் மாற்றம், தொடர் வாந்தி, மயக்கம், இதில் ஒண்ணு வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க, இல்லைன்னா பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரி தேடி சென்னைக்குக் கிளம்பாதீங்க, முதல் ஊசியை இங்கேயே போட்டுட்டுப் போங்க. குழந்தையைப் படுக்க வைங்க, மூச்சு முட்டினா மட்டும் சாய்ந்து உட்காரட்டும், எழுப்பி நடக்க வைக்காதீங்க. சரியான மாதிரி தெரிஞ்சாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கணும், மறுபடி வரலாம்.

ஒரு சீட்டு எழுதி 3 பிரதி எடுங்க. குழந்தை பேர், எது ஆகாது, எடை, அட்ரினலின் அளவு, போன் நம்பர், உங்க டாக்டர் கையெழுத்து. ஒண்ணு பள்ளிப்பையில், ஒண்ணு டீச்சரிடம், ஒண்ணு வீட்டுக் கதவுக்குப் பின்னாடி. சிப்காட்டில் வேலை பார்க்கிற ஒடிசா, பிகார் குடும்பம் யாராவது பக்கத்து வீட்டில் இருந்தா அவங்களுக்கும் தமிழில் எழுதிக் கொடுங்க, டீச்சரிடம் சொல்ல அவங்களுக்கு மொழி இல்லை. 6 மாசத்துக்கு ஒரு தடவை எடை பார்த்து அந்தச் சீட்டில் திருத்துங்க. எடை ஏறினா டோஸும் ஏறும்.