ஏசி மெக்கானிக் பயிற்சி: மணலி புதுநகர் வட்டாரம்

ஐடிஐயில் குளிர்பதன, ஏசி டெக்னீஷியன் பிரிவு பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கான இரண்டாண்டுப் படிப்பு. தமிழக அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் இல்லை. முடித்தவர்கள் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஆலைகளில் பயிற்சி பெறலாம்.

வடசென்னை மணலி புதுநகர் இளைஞருக்கு வீட்டு ஏசி மட்டுமே வேலையல்ல. மணலி ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகள், துறைமுகக் குளிர்பெட்டகங்கள், காசிமேட்டு ஐஸ் ஆலைகள் அருகிலேயே உள்ளன. ஐஸ் ஆலைகளில் பெரிதும் பயன்படும் அம்மோனியா நச்சு வாயு; அங்கே அரைகுறை அறிவு ஆபத்து. கடலோர உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரிப்பதால் பழுதுவேலைக்குப் பஞ்சமில்லை. கோடையில் மூச்சுவிட நேரமிருக்காது, மழைக்காலத்தில் வருமானம் சுருங்கும்.

ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் ஏசி வாயுவான ஆர்-22 விலக்கப்பட்டுவருகிறது. அதனிடத்தில் வந்த ஆர்-32 மெல்ல எரியும். இன்னொரு மாற்றான ஆர்-290 எளிதில் தீப்பற்றும் புரோப்பேனேதான். வேக்கம் இழுக்காமல், அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றாமல், கேஸ் அடிக்கும் அவசரக் கைகளிடம் இவற்றை ஒப்படைக்க முடியாது.