கைதி என்ற பெயர்கூட கிடைக்காதவர்கள்

சிறைமுகாம் என்றாலே முள்வேலியும் ராணுவ உடுப்பும்தான் நமக்கு ஞாபகம் வரும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பிடியில் இருந்தவர்களைப் பற்றிப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒருவர் என்ன வகைக் கைதி என்பதுதான், செத்தபிறகு அவர் பெயர் மிஞ்சுமா என்பதையே தீர்மானித்திருக்கிறது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கி முகாமுக்குப் போனார்கள். இந்திய வீரர்களைத் தனியாகப் பிரித்து, 17-ஆம் தேதி ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர மறுத்தவர்கள் போர்க்கைதிகளாகவே இருந்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் சாங்கி சிறைக்குள் அடைக்கப்பட்டன. ஆக மூன்று வகை.

நாலாவது வகைக்குக் கைதி என்ற பெயரே கிடையாது. மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள்தான் அவர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, வேலை போயிருந்த நேரம். நல்ல கூலி என்று ஆசை காட்டிக் கொஞ்சம் பேரையும், பலவந்தமாகப் பிடித்து மிச்சப் பேரையும் சயாமுக்கு ரயிலேற்றினார்கள். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட வேண்டும்! 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

அதே பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அதே அடி, அதே அரைவயிற்றுச் சோறு. ஆனா அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். தண்ணியைக் காய்ச்சிக் குடி, கக்கூஸைத் தள்ளி வெட்டு என்று கட்டளை போட ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு அது எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்கள் கொத்துக்கொத்தாகக் காலியாயின.

போர்க்கைதிகளில் செத்தவர்கள் சுமார் 12,000-க்கு மேல். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று கூட இருந்தவர்கள் ரகசியமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் 1945-ல் ஒரு குழு பாதை நெடுக 10,000-க்கும் அதிகமான கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. இன்று காஞ்சனபுரி போனால் வரிசையாகப் பெயர்ப்பலகைகள் இருக்கும்.

ஆசியக் கூலிகளின் சாவுக்கணக்கோ, ஆய்வாளருக்கு ஆய்வாளர் பத்தாயிரக்கணக்கில் மாறுகிறது. பெயர் எழுதி வைக்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

எங்க பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் மலேயா போனவர்கள் உண்டு. "சண்டைக்கு அப்புறம் கடுதாசியே வரலை" என்று முடியும் கதை உங்க வீட்டிலும் இருந்தால், அந்தப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே.