முகப்பரு: எப்படி உருவாகிறது, எதனால் முற்றுகிறது?

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் ஓதி வாங்கிச் செல்ல முத்தையாபுரத்தில் நம்மிடம் வரும் தாய்மார்கள், வீட்டில் உள்ள சுகவீனங்களையும் சேர்த்தே சொல்வார்கள். அண்மைக் காலமாக நாம் அதிகம் கேட்பது பிள்ளைகளின் முகப்பருவைப் பற்றி. "கண்ணேறு பட்டிருக்குமோ ஹஜ்ரத்?" என்பார் ஒருவர். "மீனும் தேங்காயும் சூடு, அதனால்தான்" என்பார் இன்னொருவர். மகன் முகமே கழுவுவதில்லை என்று குறைப்படுபவரும் உண்டு. நிகாஹ் பேச்சு நடக்கும் வீடு என்றால் கவலை இரட்டிப்பாகிவிடும். நாம் மருத்துவர் அல்ல. ஆனாலும் தோல் மருத்துவம் தெளிவாகச் சொல்லியிருக்கும் விஷயங்களைப் பெற்றோர் அறிந்துகொண்டால், வீட்டுக்குள் வரும் ஒரு பெரிய ஆபத்தைத் தடுக்கலாம்.

உள்ளங்கை, உள்ளங்கால் தவிர நம் தோலெங்கும் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் அவை பெரியவை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் கூடுகின்றன. இவை ஆண், பெண் இருபாலருக்கும் உண்டு. அப்போது இந்தச் சுரப்பிகள் பெருத்து அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. அதே சமயம், மயிர்க்கால் துவாரத்தின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த அடைப்பில்தான் பரு தொடங்குகிறது. இன்று காலை கண்ணாடியில் தெரிந்த பரு பல வாரங்களுக்கு முன்பே உள்ளே உருவாகத் தொடங்கியிருக்கும். நேற்றுச் சாப்பிட்ட பிரியாணி மீது பழி போடுவதில் அர்த்தமில்லை.

துவாரத்தின் வாய் மூடியிருந்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், திறந்திருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. அது காற்றுப்பட்ட எண்ணெயும் தோலின் நிறமியும்தான். தேய்த்துக் கழுவினால் போகாது. எல்லார் தோலிலும் சாதாரணமாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற கிருமி இந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி அதனோடு மோதும்போது சிவப்பும் வலியும் சீழும் உண்டாகின்றன. துவாரத்தின் சுவர் ஆழத்தில் உடைந்துவிட்டால் கட்டியாகிறது, ஆறிய பின் குழியும் வடுவும் நின்றுவிடுகின்றன. பருவைக் கிள்ளிப் பிதுக்குவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எனவே ஐந்து வேளை ஒளு செய்பவருக்கும் பரு வரும். அவர் சுத்தத்தில் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒளுவுக்குத் தண்ணீர் போதும். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டால் தோல் வறண்டு எரிச்சல்தான் மிஞ்சும். காரமில்லாத சோப்பு ஒரு நாளைக்கு இரண்டு முறை போதுமானது.

பெற்றோருக்குப் பரு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் ரோமம் வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தலையில் அதிகமாக வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்து, அதன் மேல் துணியும் இறுகும்போது நெற்றி ஓரத்தில் பொடிப் பருக்கள் வரும். துறைமுகத்திலும் விசைப்படகிலும் இஞ்சின் வேலை பார்ப்பவர்களுக்கு கிரீஸ் ஊறிய உடையால் தொடையிலும் கையிலும்கூட இப்படி வரலாம்.

உணவைப் பொறுத்தவரை, பாப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்து 2002-ல் வெளியான ஆய்வில் ஒருவர் முகத்திலும் பரு இல்லை. அவர்கள் உண்பது கிழங்கு, பழம், மீன், தேங்காய். அவர்களின் பரம்பரையும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் நம் கரையோர மீன் குழம்பைக் குற்றவாளியாக்க இதற்குப் பிறகு வழியில்லை. சந்தேகம் விழுவது சீனி, மைதா, குளிர்பானம் மீதும், ஓரளவு பால் மீதும்தான்.

இனி நாம் சொன்ன ஆபத்துக்கு வருவோம். பருவைப் பார்த்ததும் பலர் போவது மருத்துவரிடம் அல்ல, மெடிக்கல் கடைக்கு. அங்கே கிடைக்கும் சில க்ரீம்களில் பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கும். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும், சிவப்பு அடங்கும். "நல்ல க்ரீம்" என்று ராத்தா தங்கைக்கும், தங்கை தோழிக்கும் சொல்வாள். பிறகு தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், வெயிலில் எரியும், ரோமம் வளரும், முன்பைவிட அதிகமாகப் பரு வெடிக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் மறுபடி அதையே பூசுவார்கள். இந்தியாவில் 12 மையங்களில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசியிருந்தார்கள். அவர்களில் நால்வரில் ஒருவர் பருவுக்காகவே பூசியவர். பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சொன்னது மருத்துவர் அல்ல. அவர்களிடம் அதிகம் காணப்பட்ட பக்கவிளைவும் பருதான்! 2018-ல் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியாக்கியது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருப்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

சபுராளிகள் பெட்டியில் வரும், பெயர் விவரம் சரியாக அச்சிடாத சிகப்பழகு க்ரீம்களும் இதே வரிசைதான். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒரே வகைச் சிறுநீரகப் பாதிப்புடன் கண்டறியப்பட்ட 15 பேரில் 13 பேர் இத்தகைய க்ரீம் பூசியவர்கள். பாதரசமே காரணம் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள்.

முறையான மருந்துகள் உண்டு. அடாபலீன் துவார அடைப்பைத் திறக்கிறது. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் குறைக்கிறது. இது பட்டால் கறுப்புத் துப்பட்டாவும் தலையணை உறையும் வெளுத்துப் போகும் என்பதைத் தாய்மார்கள் கவனிக்கவும். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். அதற்குள் பொறுமையிழந்து க்ரீமை மாற்றுபவர்களே அதிகம். ரமலானில் பகலில் தோலில் பூசுவதால் நோன்பு முறியாது. மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்போ வைத்துக்கொள்ளலாம். கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கக்கூடியது. அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. நிகாஹ் தேதி குறித்திருந்தால் அதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய டியூப் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள், பிள்ளை உம்மாவுக்குத் தெரியாமல் அலமாரியில் வைத்திருப்பதையும் சேர்த்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால், எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லித் தருவார்.