விழுப்புரம் தாண்டி 38 கிலோமீட்டர்

எழும்பூரில் காலை பாசஞ்சர் ஏறினால் பத்து மணி வாக்கில் பாண்டி. சாயங்காலம் அதே மாதிரி திரும்பிடலாம். ரிசர்வேஷன் வேண்டாம், டிக்கெட் நூறு ரூபாய்க்குள். பாண்டிக்கு ஒரு நாள் போய் வர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. போன மாதம் மகளோடு போனேன். எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது: பழைய பிரெஞ்சு எல்லையை ரயிலிலிருந்து பார்க்கணும்.

விழுப்புரம்-பாண்டி பாதை 1879 டிசம்பரில் திறந்தது. ரொம்ப நாளா இது பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ரயில்னுதான் நினைச்சிட்டிருந்தேன். பிரெஞ்சு எல்லைக்குள் வரும் சுமார் 12 கிலோமீட்டர் லண்டனில் பதிவான ஒரு கம்பெனியுடையது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அதாவது பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயர் ரயில்! காரணம் வியாபாரம்தான். தென்னாற்காட்டில் விளைந்த கடலை பாண்டித் துறைமுகம் வழியாக மார்செய்க்குக் கப்பல் ஏறியது. மூட்டை கப்பலுக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

ஆனால் மூட்டைக்காகப் போட்ட பாதையில் மனுஷர்களும் தப்பினார்கள். 1908இல் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்தபோது பாரதி பாண்டிக்கு வந்துவிட்டார். எல்லையைத் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் வாரண்ட் செல்லாது. உளவாளிகள் பின்னாலேயே வந்து தெருவில் நின்றார்கள், கைதுதான் செய்ய முடியவில்லை. பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில் வெளியே வந்தார். எல்லை தாண்டியதும் கடலூர்ப் பக்கம் கைது. அதே மனிதர், அதே எழுத்து. நிற்கும் இடம்தான் வேறே.

சின்னபாபுசமுத்திரம் தாண்டியதும் மொபைலில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷன் வில்லியனூர். நீலப் புள்ளி மாநில எல்லைக் கோட்டைக் கடந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் இந்தப் பக்கமும் வயல், அந்தப் பக்கமும் வயல்.

"எங்கப்பா பார்டர்?" என்றாள் மகள்.

"இப்பதான் தாண்டினோம்."

"ஒண்ணுமே இல்லையே!"

அவள் சொன்னது சரிதான். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. அதுவரைக்கும் அந்த 'ஒண்ணுமே இல்லாத' கோடு ஒருவருக்கு ஜெயிலா வீடா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோ வேண்டாம், நடந்தே போங்க. சுப்பையா சாலையிலேயே இருதய ஆண்டவர் பசிலிக்கா. அப்புறம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வீடு, இப்போ மியூசியம் (விடுமுறை நாளைப் பார்த்துக்கிட்டுப் போங்க). மதியச் சாப்பாடு முடித்து, வெயில் தாழ்ந்ததும் கடற்கரை. 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கடலைப் பாருங்கள். கடலை மூட்டைகள் போன பழைய பாலம் 1952 புயலில் போய்விட்டது. தண்ணீரில் மிச்சம் நிற்பது இரும்புத் தூண்கள் சில.

மகள் கடற்கரையில் வறுத்த கடலை வாங்கித் தரச் சொன்னாள். திரும்பும் ரயிலில், வில்லியனூர் தாண்டியதும் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நகர்ந்தாள்.

"இப்பவாப்பா?"

நான் மேப்பைப் பார்த்தேன். "இப்பதான்."