பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசையைத் தீர்மானிக்கும், 200-க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண். பிளஸ் டூ கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் சேரும். கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 88 பெற்றவருக்கு 96+45+44, அதாவது 185. தமிழும் ஆங்கிலமும் இதில் சேராது. இருவர் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண் பார்க்கப்படும். பிற அளவுகோல்களிலும் சமம் நீடித்தால் கடைசியில் ரேண்டம் எண் (சமவாய்ப்பு எண்) முடிவு செய்யும்.

நுழைவுத்தேர்வு 2007-இல் நீங்கிய பின் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுடன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. கலந்தாய்வில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் மாணவர் விருப்ப வரிசையில் பதிய வேண்டும். அந்த வரிசையைப் பிழையாக அமைத்தால் நல்ல கட்-ஆஃப் இருந்தும் விரும்பிய பிரிவு கைநழுவும்.